இறங்கித் தள்ளிய சைக்கிள், இறங்க முடியாத சைக்கிள்



அண்ணல் அம்பேத்கர் நினைவாக நடக்கும் இந்த உரை வரிசையில் இதுவரை இலக்கியம், நிலம், இடஒதுக்கீடு, ஆணவக்கொலை என்று பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு உணவு டெலிவரி செய்யும் தொழிலாளர்களின் சாலைப் பாதுகாப்பு என்று தலைப்பைச் சொன்னதும் சில தோழர்கள் கேட்டார்கள்: "ஹெல்மெட் போடச் சொல்ல டிராபிக் போலீஸ் இருக்கிறது. தலித் இலக்கிய அமைப்பு எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த உரை. பதிலை ஒரு சைக்கிளிலிருந்து தொடங்குகிறோம்.

நம் தாத்தா காலத்தில் சேரிக்காரர் சைக்கிளில் ஏறி ஊர்த்தெருவைக் கடக்க முடியாது. தெரு முனையில் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெரு முடிந்த பிறகு ஏறிக்கொள்ளலாம். மறந்துபோய் ஏறிப் போனவர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட கதை இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். தீண்டாமையை ஊர் ஊராகக் கணக்கெடுத்தவர்கள் அண்மைக்காலம் வரை இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதனால் சைக்கிள் நமக்கு வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களில் கல்குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். திருப்பூரிலும் அப்படித்தான். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு விடியலில் கிளம்பிய சைக்கிள்கள்தான், பண்ணையத்து வேலையிலிருந்து நம் சனத்தைப் பனியன் கம்பெனிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. தோட்டத்துக்காரர் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டியதில்லை என்ற தைரியத்தை அந்த இரண்டு சக்கரம் கொடுத்தது.

இன்று இரவு ஒன்பது மணிக்குப் புஷ்பா தியேட்டர் ரவுண்டானா பக்கம் போய் நில்லுங்கள். பி.என். ரோடு, அவிநாசி ரோடு, காலேஜ் ரோடு ஹோட்டல் வாசல்களைப் பாருங்கள். முதுகில் பெட்டிப் பையும் கையில் செல்போனுமாக நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். பெரும்பாலோரிடம் மோட்டார் சைக்கிள். சிலரிடம் மிதிக்கிற சைக்கிள். சிலரிடம் லைசென்ஸ் தேவைப்படாத சின்ன பேட்டரி வண்டி. ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன்களும் சரக்கு லாரிகளும் ஒன்றாக ரோட்டில் இறங்கும் நேரத்தில், இவர்கள் அவற்றுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போகிறார்கள்.

அன்று ஏறாதே என்றது ஊர். இன்று இறங்காதே என்கிறது கூலி. நாங்கள் சொல்ல வருவது இதைத்தான். சாலைப் பாதுகாப்பு விதியைத் தொழிலாளியின் தலைமேல் மட்டும் ஏற்றிவைப்பவர்கள், அவரை விரட்டுகிற கூலிமுறைக்கு எந்த விதியும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சிக்னலில் நிற்கும் நேரம் யாருடையது?

இந்த உரைக்காகச் சில வாரங்கள் ஹோட்டல் வாசல்களில் நின்று பேசினோம். அது கணக்கெடுப்பு இல்லை. நம் பிள்ளைகளோடு டீ குடித்துக்கொண்டே பேசிய பேச்சு. யார் பெயரையும் எந்தக் கம்பெனியின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் வெளியே வந்தால் ஐடி பிளாக் ஆகிவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள்.

தாராபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர். முன்பு ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் வேலையில்லாமல் போயிற்று என்றார். சைக்கிளில் டெலிவரிக்கு வந்துவிட்டார். "சிக்னலில் ஏன் தம்பி நிற்காமல் போகிறாய்?" என்று கேட்டோம்.

"சிக்னல்ல நிக்கறது ரெண்டு நிமிசந்தானுங்கண்ணா. ஒரு நாளைக்கு முப்பது சிக்னல்னா ஒரு மணி நேரமாகுதுங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு யாருங்க காசு தருவாங்க?"

இந்தக் கேள்விக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் பதில் இல்லை. அந்தச் சட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் சிக்னலைத் தாண்டியவர் யார் என்பதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் இடம் உண்டு. ஹெல்மெட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் போட வேண்டும். தலை போனால் வீடு போயிற்று. ஆனால் அந்த 1,000 ரூபாயை அடுத்த நாள் எப்படி எடுக்கிறார் என்று யோசியுங்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக, இன்னும் வேகமாக ஓடித்தான் எடுக்கிறார். பாதுகாப்புக்காகப் போட்ட அபராதம், அவரை மறுபடியும் அதே வேகத்துக்குத் தள்ளுகிறது.

மிதிக்கிற சைக்கிளுக்கு மோட்டார் வாகனச் சட்டமே பொருந்தாது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள பேட்டரி வண்டிக்கும் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். லைசென்ஸ் எடுக்கக் காசில்லாத பிள்ளைக்கு இது ஒரு வழிதான். அதேநேரம், அந்த வண்டி ஒருவரை இடித்தாலோ, இவரை ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனாலோ, பின்னால் நிற்க ஒரு இன்சூரன்ஸ் பாலிசிகூட இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில் வண்டியைக் கூலிக்கு ஓட்டியிருக்கிறாய் என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க இடம் இருக்கிறது.

பீஸ் ரேட்டைத் தெரிந்த ஊர்

இந்தக் கூலிமுறை திருப்பூருக்குப் புதிதில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்குப் பீஸ் ரேட் என்றால் என்ன என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. டஜனுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுகிறார்கள். கையோட்டம் உள்ள ஒரு டெய்லர் கூடுதலாகத் தைக்கிறார். அடுத்த ஆர்டரில் அவருடைய வேகமே எல்லோருக்கும் அளவாகிறது, ரேட் குறைகிறது. ஊசி விரலில் ஏறினால் "கவனமா தைக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ரேட்டைக் குறைத்தது யார் என்று கேட்பதில்லை.

சீனாவில் ரென்வு என்ற இதழ் 2020 செப்டம்பரில் உணவு டெலிவரி தொழிலாளர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஆப் ஒவ்வொரு பயணத்தையும் பதிவு செய்கிறது. எதிர்த்திசையில் ஓட்டி, சிக்னலைத் தாண்டி ஒருவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அந்த நேரமே மற்றவர்களுக்கும் இலக்காகிறது. இப்படியே நேரம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று அது எழுதியது. பெய்ஜிங் தொழிலாளிக்கும் பவர் டேபிள் டெய்லருக்கும் நடப்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரை கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு, 2021 ஜூலையில் சீன அரசு உணவு டெலிவரி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது: மிகக் கறாரான கணக்கை வைத்துத் தொழிலாளியை மதிப்பிடக் கூடாது, நேரத்தைத் தளர்த்த வேண்டும்.

நம் ஊரில் 2020 ஆகஸ்டில் சென்னை ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாயாக இருந்தது 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்பது அவர்களுடைய புகார். சராசரி வருமானம் அதைவிடக் கூடுதல் என்று நிறுவனம் மறுத்தது. யார் கணக்கு சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வோம். 35 ரூபாய் 15 ஆனால், அதே காசுக்கு எத்தனை ஆர்டர் கூடுதலாக ஓட வேண்டும்? இரண்டு மடங்குக்கும் மேல். நாளுக்கு மணி நேரம் கூடாது. வேகம்தான் கூட வேண்டும்.

2022 மார்ச்சில் சொமாட்டோ 10 நிமிட உணவு டெலிவரியை அறிவித்தபோது நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. தாமதத்துக்கு அபராதம் இல்லை, சீக்கிரம் போனதற்குப் பரிசும் இல்லை, எத்தனை நிமிடம் என்பதையே தொழிலாளிக்குக் காட்டுவதில்லை என்று நிறுவனர் பதில் சொன்னார். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைக் காட்ட வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலியே கடிகாரம். பவர் டேபிள் முன்னால் எந்த முதலாளியும் கடிகாரம் மாட்டிவைத்ததில்லை. டெய்லர் தாமாகவே தலை நிமிராமல் தைக்கிறார்.

2025 டிசம்பர் 31 அன்று டெலிவரி தொழிலாளர்கள் நாட்டின் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 10 நிமிட டெலிவரியை நிறுத்த வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அடுத்த மாதமே, மத்தியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகு, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து 10 நிமிடம் என்பதை எடுத்தது. போராட்டத்தின் வெற்றிதான் அது. ஆனாலும் விளம்பரப் பலகையில் எழுத்து மாறியதே தவிர, ஆர்டருக்குக் கூலி என்ற முறை மாறவில்லை.

மாற்ற முடியாததா என்று கேட்டால், முடியும். டோமினோஸ் பீட்சா கம்பெனி அமெரிக்காவில் 30 நிமிடத்துக்குள் தருவோம் என்று உறுதி கொடுத்து விற்றது. அதன் டெலிவரி வண்டி மோதிப் பாதிக்கப்பட்ட ஒரு பெண் வழக்குப் போட்டார். 1993இல் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் நடுவர் குழு கம்பெனிமேல் 7.8 கோடி டாலர் போட்டது. அந்த ஆண்டே 30 நிமிட உறுதியைக் கம்பெனி கைவிட்டது. தென்கொரியாவில் டெலிவரி இளைஞர்களின் சாவுகளை முன்வைத்து மக்கள் குரல் எழுப்பியதால் 2011இல் அங்கேயும் அது முடிவுக்கு வந்தது. வண்டி ஓட்டியவரை மட்டும் தண்டித்த காலம் முழுக்க அந்த உறுதி நீடித்தது. கம்பெனியின் பணத்தில் கைவைத்தபோதுதான் வேகம் குறைந்தது.

எண்ணப்படாத சாவுகள்

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். என்ன வண்டி, என்ன வயது, எந்தச் சாலை, ஹெல்மெட் இருந்ததா இல்லையா என்று அந்த அறிக்கையில் பட்டியல் பட்டியலாக இருக்கிறது. செத்தவர் வேலையில் இருந்தாரா, யாருடைய ஆர்டரைக் கொண்டுபோனார் என்ற கட்டம் மட்டும் இல்லை.

எண்ணாமல் விடுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களையும் இப்படித்தான் பல ஆண்டுகள் எண்ணாமல் விட்டார்கள். எண்ணிக்கை இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிடலாம். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும் 2029-30இல் அது 2.35 கோடி ஆகும் என்றும் மதிப்பிட்டது. எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிடத் தெரிந்த நாட்டுக்கு, எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று எண்ணத் தெரியாதா?

சட்டத்தின் நிலையைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. உள்ள ஒரு செக்கிங் தொழிலாளி, காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவிநாசி ரோட்டில் அடிபட்டால், அது வேலையில் நடந்த விபத்தாகக் கருதப்படும். 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவைச் சேர்த்து அந்த உரிமையைக் கொடுத்தார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. அதே ரோட்டில், அதே நேரத்தில், ரோடே வேலையிடமாக உள்ள டெலிவரி தொழிலாளி அடிபட்டால் அந்த உரிமை அவருக்கு இல்லை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்பு, கிக் தொழிலாளி என்ற சொல்லை முதல்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஆண்டு வரவுசெலவில் 1 முதல் 2 சதவீதம் நிதி தர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே அவரை வரையறுக்கிறது. அதனால் அவருக்குக் கிடைக்கக்கூடியது திட்டம், உரிமை அல்ல.

தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தபடி கிக் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி இவர்களுக்கு ஓய்வறை கட்டிக் கொடுத்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் தனிச் சட்டமே கொண்டுவந்தன. வேலை கொடுப்பதையும் கூலியையும் முடிவு செய்கிற தானியங்கி முறை எப்படி இயங்குகிறது என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், காரணம் காட்டி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கர்நாடகச் சட்டம் சொல்கிறது. தொழிற்சங்க இயக்கத்துக்குப் பேர்போன தமிழ்நாடு இதில் ஏன் பின்னால் நிற்க வேண்டும்?

பார்ட்னர் என்ற சொல்

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் நாங்கள் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் பேசிய பிள்ளைகளில் பலர் இந்த வேலையை விரும்பியே செய்கிறார்கள். ஒரு தம்பி சொன்னார்: "கம்பெனியில சேரப் போனா எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேட்டு, கடைசில என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. ஆப்புல யாரும் கேக்கறதில்லீங்க. ஆதாரும் போனும் இருந்தாப் போதுங்க." இன்னொருவர், "சூப்பர்வைசர் திட்டு இல்லீங்க, அதுவே பெரிய நிம்மதி" என்றார். அவர்களுடைய இந்த விடுதலை உணர்வைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சைக்கிளில் ஏறி ஊரைக் கடந்த நம் தாத்தாவுக்கும் அந்த உணர்வு இருந்தது. டெலிவரி வேலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

ஆனால் ஆப் கேட்காத கேள்வியை வாசலில் நிற்கும் மனிதர் கேட்கிறார். செல்போனில் தொழிலாளியின் பெயர் வருகிறது. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், கொண்டுவருபவர் இந்து இல்லை என்று ஆர்டரை ரத்து செய்து அதைப் பெருமையாகவும் எழுதினார். 2022 ஜூனில் லக்னோவில் ஒரு தலித் தொழிலாளி, தன் பெயரையும் சாதியையும் கேட்டு, தொட்ட உணவை வாங்க மறுத்து அடித்ததாகப் புகார் கொடுத்தார். 2024 மார்ச்சில் சைவ உணவுக்கு மட்டும் தனி ஆட்கள், பச்சைச் சீருடை என்று சொமாட்டோ அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. பம்பாய் ஆலைகளில் அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்திச் சேர்க்க வேண்டியிருந்ததால், தீண்டத்தகாதவர் எச்சில் படும் என்று நெசவுப் பிரிவுக்குள்ளேயே நம் மக்களைச் சேர்க்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டார். நூலில் இருந்த அந்தத் தீட்டு இன்று பிரியாணிப் பொட்டலத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று, பார்ட்னர் என்ற சொல். ஆப் கம்பெனிகள் தொழிலாளியை டெலிவரி பார்ட்னர் என்கின்றன. திருப்பூரில் பார்ட்னர் என்றால் யார்? இந்த ஊரின் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்து சரத் சாரி 2004இல் எழுதிய நூலுக்கு, சகோதர மூலதனம் என்று பொருள்படும் தலைப்பு. கவுண்டர் சமூகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சானைப் பார்ட்னராகச் சேர்த்து முதலாளி ஆனதையும், எங்கள் உழைப்பால்தான் உயர்ந்தோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதையும் அந்நூல் பேசுகிறது. உழைப்புதான் காரணம் என்றால் நம் சனமும் உழைத்தது. கடனுக்கு ஆள் இல்லை, நிலம் இல்லை, பார்ட்னராகச் சேர்க்க மச்சான் கையில் காசு இல்லை. ஊரின் பனியன் தொழிலில் பார்ட்னர் ஆக முடியாத பிள்ளையை இன்று ஆப் பார்ட்னர் என்கிறது. லாபத்தில் பங்கு இல்லை. ஆபத்தில் மட்டும் முழுப் பங்கு.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்த அண்ணல், 1946இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆனது. தொழிலாளியின் நேரத்துக்குச் சட்டம் காவல் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்தத் திருப்பூரிலேயே 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. விலைவாசி ஏறினால் அந்தச் சுமை தொழிலாளிமேல் மட்டும் விழக்கூடாது என்பதற்காகப் பட்டினி கிடந்தார்கள். சிக்னலில் நிற்கும் இரண்டு நிமிடத்தின் சுமையும் அப்படித்தான். அது யார் தலையில் விழ வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

நாம் கேட்பதும் செய்வதும்

நாம் கேட்பவை இவை. ஆர்டரை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும் வரை, ஹோட்டல் வாசலில் காத்திருப்பதும் சிக்னலில் நிற்பதும் சேர்த்து, நிமிடக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி வேண்டும். நியூயார்க் நகரம் 2023இல் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கூலியை முடிவு செய்யும் கணக்கைத் தொழிலாளிக்கும் தொழிலாளர் துறைக்கும் காட்ட வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஸ்பெயின் 2021லேயே சட்டமாக்கியது. ஹெல்மெட், இரவில் ஒளிரும் மேலங்கி, சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு ஆகியவற்றை நிறுவனம் தன் செலவில் தர வேண்டும். டெலிவரியில் இருக்கும்போது நடக்கும் விபத்தை வேலையிட விபத்தாக ஏற்க வேண்டும். விபத்துப் பதிவில் வேலை என்ற கட்டத்தைச் சேர்த்து, கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் டெலிவரி தொழிலாளிகளும் உட்கார வேண்டும். சென்னையில் கட்டிய ஓய்வறை திருப்பூருக்கும் வேண்டும்.

இவை வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாணவர்களே, உங்கள் தெருவில் உள்ள டெலிவரி தொழிலாளிகளை நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று தடுமாற வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கும் அது பொருந்தும். இடித்த வண்டி தெரிந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. சைக்கிளில் போனவருக்கும் உண்டு. மனு வருவாய்த் துறை வழியாகப் போகும். எஃப்.ஐ.ஆர். போடாமல் சமாதானம் பேசி அனுப்ப யாரையும் விடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும் சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் ரேட்டிங்கைக் குறைக்காதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் இலக்கியம் வயலையும் சுடுகாட்டையும் பறையையும் எழுதியிருக்கிறது. பஞ்சாலையை எழுதியிருக்கிறது. இந்தச் சாலையையும் எழுத வேண்டும். இலக்கிய அமைப்பு எதற்கு என்று கேட்ட தோழர்களுக்கு எங்கள் பதில் அதுதான். அரசின் அறிக்கையில் இல்லாத கட்டத்தை, யாருடைய பசிக்காக ஓடினார், எந்த நேரத்தில் விழுந்தார், அவருக்காக வீட்டில் யார் விழித்திருந்தார் என்ற கட்டத்தை, இப்போதைக்கு நாம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

தெரு முனையில் இறங்க மாட்டேன் என்று ஒரு நாள் யாரோ ஒரு தாத்தா சைக்கிளை மிதித்துக்கொண்டே போனார். அடி விழும் என்று தெரிந்துதான் போனார். அவர் வாங்கிக் கொடுத்தது ஏறிப்போகும் உரிமை. சிவப்பு விளக்கு எரியும்போது, கூலி போய்விடுமே என்ற பயமில்லாமல், காலை ஊன்றி நின்று மூச்சு வாங்கும் உரிமையை நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.